ஒரிஜினலா என்று கேட்டார்கள்

எங்கள் குழுவில் திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருக்கிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்பதற்கென்று இணையத்தில் இருக்கிற குழு அது. நான் அதில் மாடரேட்டர்களில் ஒருத்தி. நூல் அறுகிறது, ஊசி முறிகிறது, பூ கோணலாக விழுகிறது என்று யார் கேள்வி போட்டாலும் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “உங்கள் சாஃப்ட்வேர் ஒரிஜினலா?” உடனே “ஒரிஜினல்தான் சார்” என்று வந்துவிடும். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு. அந்த சாஃப்ட்வேரின் விலையோ மெஷினின் விலையைத் தாண்டி நிற்கிறது. வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு பிளவுஸுக்குப் பூப்போடுகிற பெண்கள் அத்தனை பேரும் அதை வாங்கிவிட்டார்களாம், நாங்களும் அதை நம்பிவிட்டோமாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன!

மாடரேட்டர் வேலையை நான் ரயிலில் பார்ப்பேன். எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறினால் பெங்களூரு வரைக்கும் கை சும்மாதானே இருக்கிறது? பக்கத்து சீட்டில் ஒரு கூட்டம் ஜெபப் பாட்டுப் பாடும், எதிரே ஒரு கூட்டம் சீட்டாடும், நான் ஊசி முறிந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன். வேலை ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில். துணியில் விழ வேண்டிய பூவைத் தையல் தையலாகக் கணினியில் வரைந்து கொடுப்பது. எங்கள் தொழிலில் அதற்கு பஞ்சிங் என்று பெயர். கம்பெனியில் எல்லாம் ஒரிஜினல்தான். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதென்று வெளியே வரும்போது கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். எங்கள் அப்பாவைத் தங்கத்துக்காகத் தடவிப் பார்த்தார்கள், என்னை பென் டிரைவுக்காகத் தடவிப் பார்க்கிறார்கள். பரம்பரை கௌரவம்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் அடிமட்டத்து லெவலில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அது கொடுத்த தூசியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது அவர் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இப்போது மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அது நின்றுவிடும். உடனே யாராவது குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்துவிட வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று கேட்காதீர்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நானோ ரயிலில். ஆகவே அந்த யாராவது என்பது எப்போதும் என் தங்கைதான்.

அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எம்பிராய்டரி மெஷினே வந்தது. என் ஒருத்தி சம்பளத்தில் வீடும் மருந்தும் சிலிண்டரும் ஓடாது. அவளும் ரயில் ஏறினால் நைனாவுக்கு ஆள் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி, அவள் வீட்டிலிருந்தே சம்பாதிப்பது. மெஷினைக் கொண்டுவந்து இறக்கிய டீலர், கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரையும் போட்டு, பஞ்சிங்கில் நாலு விஷயம் காட்டிக்கொடுத்துவிட்டு, “எல்லாம் செட் மேடம், இனிமே அடிச்சுத் தூள் கிளப்புங்க” என்று போனான். சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் பழைய லைன் வீட்டின் முன்னறையில் ஒரு சுவரோரம் நைனாவின் மெஷின், இன்னொரு சுவரோரம் இவளுடைய மெஷின். இரண்டும் சேர்ந்து ஓடினால் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதுதான் எங்கள் நல்ல காலம். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கல்யாணப் பெண்கள் வருவார்கள். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளையில் வெள்ளைப் பூ போடச் சொல்லி அம்மாக்கள் வருவார்கள். தங்கைக்குக் கை சுத்தம், கண் இன்னும் சுத்தம். நான் கம்பெனியில் பத்துப் பேரோடு உட்கார்ந்து செய்வதைவிட அவள் தனியாகச் செய்தது அழகு என்று நானே அவளிடம் பல தடவை சொல்லி, “ஐஸ் வெக்காதக்கா, இன்னா வோணும் சொல்லு” என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம், முகூர்த்த மாதத்தில், மயில் நகர ஆரம்பித்தது. ஒரு கல்யாண பிளவுஸின் முதுகில் மயில். உடம்பு நிரம்பி விழுந்துவிட்டது, கடைசியில் அதைச் சுற்றி ஒரு தங்கக் கோடு வர வேண்டும். கோடு வந்தது. மயில் ஓரிடத்தில், கோடு ஓரிடத்தில். மயிலின் ஆவி அதை விட்டுப் பிரிந்து போகிற மாதிரி இருந்தது. தங்கை பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினாள், மறுபடி நகர்ந்தது. அதே வாரத்தில்தான் அந்த சாஃப்ட்வேரும் திறக்கும்போதெல்லாம் ‘உரிமம் சரியில்லை’ என்று ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டத் தொடங்கியது. டீலர் போட்டுக் கொடுத்தது திருட்டு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுக்குப் போன் போட்டால் நம்பரே இல்லை என்று ஒரு பெண் கன்னடத்தில் சொன்னாள்.

நான் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. நான் கணினியில் பூ வரைகிறவள், அந்த மாதிரிச் சின்ன மெஷினை ஓட்டிப் பழகியவள் இல்லை. “குழுவுல போடுடி. படத்தோட போடு. ஒரிஜினலான்னு கேப்பாங்க, ஆமான்னு சொல்லிடு” என்றேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை ரயிலில் உட்கார்ந்து குழுவைத் திறந்தால் தங்கையின் கேள்வி மேலேயே நிற்கிறது, ஆவி பிரிந்த மயிலோடு. எங்களிடம் சூரத்தில் ஜவுளி மெஷின்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு தமிழர் உண்டு. அவருக்குத் தெரியாத மெஷின் கிடையாது. அவர் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் புள்ளிகள் ஓடின. எனக்கு நிம்மதி. அதற்குள் குழுவை ஆரம்பித்த திருப்பூர்க்காரர் வழக்கமான கேள்வியைப் போட்டுவிட்டார்: “ஒரிஜினலாங்க மேடம்?”

தங்கை எழுதினாள்: “இல்லீங்க சார். மெஷின் வாங்க சொல்லோ டீலரே போட்டுக் குடுத்தாரு. ஒரிஜினல் இல்லன்னு இப்பதான் தெரிஞ்சுது. காசு சேந்ததும் வாங்கிடுவேன். கல்யாண ஆர்டர் சார், பூ ஏன் நகருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

ஐயோ பைத்தியமே என்று ரயிலில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். சீட்டாடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளைத் திட்டி என்ன பயன்? எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி. ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற சுரங்கக் கூண்டில் மேலே வருகிற ஆள், காவலாளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் தூக்கிவிடுவான். தூக்கச் சொல்லும் வரை நின்றால் இவனிடம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம், டிபன் பாக்ஸ் முதல் தலைமுடி வரை கிண்டிவிடுவார்களாம். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் கீழே விழுந்தால் சத்தம் அடங்குவதற்குள் “நான்தான்!” என்று குரல் வரும். எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒளிக்காதவனைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று எங்கள் ஜனம் நம்பியது. சுரங்கத்தில் அது நடந்திருக்கலாம். இணையத்தில் கையைத் தூக்கியவளைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருந்த புள்ளிகள் நின்றன. யாரும் பதில் போட முடியாதபடி கேள்வியைப் பூட்டினார்கள். பூட்டுவதற்கு முன் நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவர்களில் இரண்டு பேரின் படங்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன், சிவப்புப் பெட்டி வருகிற மூலையை வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையின் படம் போடுகிறவர்கள். சிரிக்கிறார்கள், பாவிகள்.

அன்றைக்கு மாடரேட்டர்கள் மட்டும் பேசுகிற இடத்தில் நான் போட்ட சண்டை சாதாரணச் சண்டை இல்லை. “அது என் தங்கச்சிதான். சாஃப்ட்வேர் பூட்டை உடைக்கிறது எப்படின்னு கேட்டா துரத்துங்க, நானும் சேர்ந்து துரத்துறேன். பூ ஏன் நகருதுன்னு கேக்கறதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்? ஆஸ்பத்திரியில டிக்கெட் வாங்காம பஸ்ஸுல வந்தியான்னு கேட்டுட்டா ஊசி போடறாங்க?” என்று எழுதினேன். திருப்பூர்க்காரர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “மேடம், ஒரு தடவை விட்டுட்டா நாளைக்கு முழுக்க அதே கூட்டந்தானுங்க. கம்பெனிக்காரன் ஒரு புகார் குடுத்தான்னா குழுவையே இழுத்து மூடிருவாங்க. அப்புறம் ஆயிரம் பேரு எங்க போறதுங்க?” அவர் கெட்டவர் இல்லை. சொந்தச் செலவில் குழுவை நடத்துகிறவர்.

சேலத்துப் பெண்மணி ஒருவர் மாடரேட்டராக இருந்தார். அவர்தான் என் வாயை அடைத்தார். “நான் இருக்கறதெல்லாம் அடகு வெச்சு ஒரிஜினல் வாங்கினேன். அதனால ஒரு பிளவுஸுக்கு நான் சொல்ற ரேட் ஜாஸ்தி. கஸ்டமர் எதிர்க்கடைக்குப் போறாங்க, அங்க ஓடறது திருட்டு. அவங்களுக்கு நானே உக்காந்து சொல்லியும் குடுக்கணுமா? உங்க தங்கச்சின்னா வலிக்குது. எனக்கு எதிர்க்கடை.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எதிரில் இருப்பவர் அயோக்கியராக இருந்துவிட்டால் எவ்வளவு வசதி! கேள்வியே கேட்காமல் விட்டுவிடலாம், பொய் சொல்ல வைக்கிற கேள்வி எதற்கு என்று கடைசியாக ஒன்று எழுதிப் பார்த்தேன். நான் ஒருத்திதான் அந்தப் பக்கம். மற்ற எல்லோரும் விதி இருக்கட்டும் என்றார்கள். நானே கேள்வியை என் பெயரில் போடப் போனேன். “இது உங்க தங்கச்சி மெஷின்தானுங்களே மேடம்” என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

சூரத்துக்காரருக்குத் தனியாக எழுதினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுக்காமல் பதில் போட்டார். “அம்மா, திருட்டுக் காப்பி என்றால் வேறு எதையும் பார்ப்பது வீண். அது பூவின் ஃபைலையே கெடுத்துவிடும். கோடு நகர்வது அதனால்தான். ஒரிஜினல் வாங்கச் சொல்லுங்கள், தானாகச் சரியாகும்.” கம்பெனியில் எங்கள் மெக்கானிக்கிடம் கேட்டேன். முதலில் ஆர்வமாகக் காதைக் கொடுத்தான். திருட்டு சாஃப்ட்வேர் என்றதும், “அய்யோ, அதுல கை வெக்கவே மாட்டேன் மேடம், வைரஸ் கியிரஸ் இருக்கும்” என்று எழுந்துவிட்டான். வேறொரு டீலர் வீட்டு வாசல் வரை வந்தான், சிவப்புப் பெட்டியைப் பார்த்தான், மெஷினைத் தொடாமலே ஒரிஜினலின் விலையைச் சொல்லிவிட்டுப் போனான். ‘திருட்டு’ என்ற ஒரு சொல் காதில் விழுந்த பிறகு, அதற்கு மேல் யாரும் எதையும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

“வேற பேர்ல போய்க் கேளுடி, இந்தத் தடவையாவது ஒழுங்கா பொய் சொல்லு” என்றேன் தங்கையிடம். “போக்கா. ஊரே பாத்து சிரிச்சாச்சு, இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு போறது? அந்த மயிலப் பாத்தாலே இது நாந்தான்னு தெரிஞ்சிப்பாங்க” என்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது. அதைப் பார்ப்பதற்கு அழுகையே பரவாயில்லை.

கெட்டுப்போன கல்யாண பிளவுஸை வாங்கிக்கொண்டு போனவர்கள் பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதத்தில் முன்னறை அமைதியாகிவிட்டது. நைனாவின் மெஷின் மட்டும் தனியாக முனகியது. அவர் ஒருநாள் மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்டார், “இன்னாம்மா, உன் மெஷின் லீவா?” தங்கை சிரித்தாள். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

மெஷினைப் பழைய விலைக்குத் தள்ளினோம். தங்கைக்கு என் கம்பெனியிலேயே நூல் வெட்டுகிற இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தேன். தைத்து வருகிற சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. ஒரு மயிலை ஒற்றையாளாக உயிரோடு எழுப்புகிற கைக்கு அந்த வேலை. என்ன செய்ய? வேறு இடம் காலியில்லை என்றார்கள்.

அப்புறம் நைனா. அடுத்த வீட்டு அம்மாள் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார், அவருக்கோ முழங்கால் வலி. நைனாவே சிலிண்டரைத் திறக்கப் பழக வேண்டும் என்று ஆயிற்று. தங்கை வேலைக்குச் சேர்வதற்கு முந்தின ஞாயிறு, கோயிலுக்குப் போய் வந்து, ஆக்சிஜன் மெஷினை வேண்டுமென்றே அணைத்தோம். அவர் குழாயைப் பிடுங்கினார், கட்டிலிலிருந்து சரிந்து சிலிண்டரைத் தொட்டார். வால்வு திரும்பவில்லை. உதடு நிறம் மாறுகிறவரை நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். தங்கைதான் பாய்ந்து திறந்துவிட்டாள். மூச்சு வந்ததும் அவர், “வுடும்மா... கீழ லெவல்ல... இதவிட மோசம். பாத்துக்கறேன், போங்க” என்றார். மறுபடி பழக்கினோம். அந்த முறை திறந்துவிட்டார். பிறகு வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. டீலர் மேலா, குழு மேலா, சுரங்கத்தின் மேலா? எல்லோர் மேலும்தான்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே ரயிலில் போகிறோம். நானாவது ஜன்னலைப் பார்ப்பேன், தங்கை போனைத்தான் பார்ப்பாள். பங்காருபேட்டையில் ஒரு தடவை, அதற்குப் பிறகு வண்டி எங்கே நின்றாலும் ஒரு தடவை வீட்டுக்குப் போன் போடுவாள். நைனா பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் எடுத்து ஒரு இருமல் இருமிவிட்டு வைத்துவிடுவார். இருமல் கேட்டால் அன்றைக்கு அந்த நேரத்துக்கு மூச்சுக்குக் குறையில்லை என்று அர்த்தம். போன வாரம் போனை எடுக்கவே இல்லை. கம்பெனியில் இருவரும் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தோம். தூங்கியிருக்கிறார். லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள், தங்கைக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்கள்.

நான் இன்னும் மாடரேட்டராகத்தான் இருக்கிறேன். விட்டுவிடலாமே என்று தோன்றும். விட்டால் அந்தப் பக்கம் பேச ஒருத்திகூட இருக்க மாட்டாளே என்றும் தோன்றும். பேசி என்ன கிழித்தேன் என்றும் தோன்றும்.

நேற்று காலை வண்டி பங்காருபேட்டையைத் தாண்டியிருந்தது. குழுவில் புதிதாக ஒரு கேள்வி. ஏதோ ஊரில் ஒரு பெண், அவளுக்கும் எங்களுடையதைப் போலவே சின்ன மெஷின். படத்தில் ஒரு தாமரை, தாமரையை விட்டுத் தள்ளி அதன் கோடு. கூடவே போட்டிருந்த கம்ப்யூட்டர் திரையின் படத்தில் மூலை நறுக்கியிருந்தது. “ஒரிஜினலாங்க மேடம்?” என்று கேட்டிருந்தார் திருப்பூர்க்காரர். “ஒரிஜினல்தான் சார்.”

கீழே சூரத்துக்காரரின் பதில்: “ஃபைலில் ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேரை நோண்ட வேண்டாம். துணி மாட்டுகிற ஃப்ரேமை நகர்த்தும் பெல்ட் தளர்ந்திருக்கும். ஃப்ரேமைப் பிடித்திருக்கும் கைக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், ஓடி ஓடி லூஸாகிவிடும். மெஷினை அணைத்துவிட்டு இறுக்குங்கள்.” அதற்கும் கீழே அந்தப் பெண் சரியாக விழுந்த தாமரையைப் போட்டு, கைகூப்புகிற படம் ஒன்றும் போட்டிருந்தாள்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்க வேண்டும். தங்கை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. போனை மறைக்கலாம் என்று கை போவதற்குள் அவள் படித்துவிட்டாள்.

“ஸ்க்ரூவாக்கா?”

“ம்.”

“சாஃப்ட்வேர் இல்லியா?”

“இல்லடி.”

போனை என் கையிலிருந்து வாங்கினாள். மேலேயிருந்து கீழே வரை, ஒரிஜினலா என்று கேட்டதையும், ஆமாம் என்றதையும், பதிலையும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். தாமரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் வெட்டி வெட்டி நுனி காய்த்துப்போயிருந்தது.

“கோடு சுத்தமா விழுந்துக்கீது” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு தன் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே என்னைக் கேட்டாள்:

“அந்தப் பொண்ணு இப்போ வீட்லதான இருப்பா?”